கடலைக்காட்டு ஓரம் ஒரு சுண்ணாம்புக் கோடு

“…அப்பம் மொதல்ல அடிச்ச சத்தியம் என்னத்துக்கு அண்ணாச்சி? சூடம் பத்தலையா, சாமி பத்தலையா?” என்று பேச்சியம்மாள் கேட்டாள். கேட்டது என்னை. கேட்க வேண்டிய ஆள் எனக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தவன்தான் எங்கேயும் மாட்டிக்கொள்வான்.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. எரிச்சலோடு சொன்னால் கதை தலைகீழாக வந்துவிடும். ஆகவே ஒழுங்காக, நடந்தபடி சொல்கிறேன்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரன். அங்கே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட்டுக்கு முகம். பள்ளிக்கூடம் சீக்கிரமே என்னை விட்டுவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் கடைக்கு வந்தவர்களின் வாயிலிருந்து பொறுக்கியது. இங்ரிட் என்கிற டென்மார்க்குக்காரி எங்கள் ஊரில் தங்கியிருந்தபோது என் கடையில்தான் பிலிம் கழுவினாள். அவள் செய்வது ஒரு மாதிரியான கலை. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, சுண்ணாம்பைக் கொட்டியபடியே நிலத்தில் நேராக நடப்பாள். கோடு முடிகிற இடத்தில் சிலை மாதிரி நிற்பாள். மேட்டிலிருந்து யாராவது படம் எடுக்க வேண்டும். “மனிதன் இயற்கையின் மேல் கை வைக்கிறான் அல்லவா, அந்தக் காயத்தைத்தான் நான் நடித்துக் காட்டுகிறேன்” என்பாள். ஈப்போவில் ஈயம் தோண்டிவிட்டுப்போன மணல்காட்டில் கோடு போட்டாள். படத்தை எடுத்தவன் நான். நன்றாகவே இருந்தது. அங்கே யாரும் குடியில்லை, யாரும் கேட்கவில்லை.

பிறகு யாரோ ஒருவர் இராஜபாளையத்து மலைத்தொடரின் படத்தைக் காட்ட, அந்த மலைக்கு முன்னால் கோடு போட்டே தீர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். பொத்தானை அழுத்த ஒரு விரலும் பேச ஒரு வாயும் வேண்டும் அல்லவா, அதற்கு நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு இராஜபாளையம் டென்மார்க் அளவுக்குப் புது ஊர்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு பால்கோவாக் கடைக்குப் போனோம். இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கிண்டுகிறவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது கைப்பிள்ளை மாதிரி சார். செத்த நேரம் கண்ணை எடுத்தா வேலையைக் காட்டிரும்” என்றார். சூட்டோடு இலையில் வைத்துக் கொடுத்தார். ஈப்போவில் வெள்ளைக் காப்பி, வெள்ளைக் காப்பி என்று நாங்கள் ஊர்ப்பட்ட பெருமை பேசுகிறோமே, அந்த இலையை வழித்து நக்கும்போது எனக்கு வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரை. தண்ணீர், வானம், அதற்குப் பின்னால் நீலமாக மலை. இங்ரிட் கண் கலங்கிவிட்டாள். “மனிதக் கை படாத இடம்” என்றாள். ஆனால் கையும் காலும் உள்ளவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், எருமையைத் தேய்த்துவிடுகிற ஒரு மனிதர். எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கினால் படம் சுத்தமாக இருக்கும் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். பெண்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். எருமைக்காரர் மட்டும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நான் போயிருதேன் சார், எனக்கென்ன. எருமை போவாது. அதுகிட்ட நீங்களே பேசிக்கிடுங்க.”

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. இயற்கையாக இருக்கணும்னு பார்க்கிறாங்க.”

“எது இயற்கை? இந்தக் கண்மாயா?” அவர் முதுகை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “இது வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு நெனைச்சியளா? எங்க பாட்டன் பூட்டன் வெட்டுனது. வெட்டுனவன் ஆகாது, வெட்டுன குழி மட்டும் ஆகுமாக்கும்! ஆட்டை விட்டுட்டு ஆட்டுப்பால் கேட்ட கதையால்ல இருக்கு.”

இதை நான் இங்ரிட்டுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். “அற்புதமான மனிதர்” என்றாள். பிறகு எருமை போகும்வரை காத்திருந்தாள். இருட்டிவிட்டது. படம் இல்லை. எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து தெரிந்துவிட்டது.

மறுநாள் இராஜபாளையத்தில் சுண்ணாம்பு வாங்கப் போனோம். காதர் பாய் என்பவரின் கடை. “பந்தலுக்கா, சுவத்துக்கா, கபடி மைதானத்துக்கா?” என்று கேட்டார். நிலத்தில் கோடு போட என்றேன். “நெலத்துலயா? எவன் நெலத்துல?” “பொறம்போக்கில்தான் பாய்.” அவர் மூட்டையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு இங்ரிட்டை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல சனம் கடனுக்குப் பயப்படாது, கோட்டுக்குப் பயப்படும். பார்த்து நடந்துக்கிடுங்க” என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று இங்ரிட் கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டி, “நல்ல தலைப்பு” என்று குறித்துக்கொண்டாள். நல்ல புத்தி சொன்னால் அதற்குத் தலைப்பு வைக்கிற ஜனத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வாடகைக் கார் மலையடிவாரத்துக்கு வராது என்று சொல்லிவிட்டது. மூட்டைகளை டவுன் பஸ்ஸின் கூரையில் ஏற்றினோம். சேத்தூர் போகிற வழியெல்லாம் பள்ளம். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற, ஒரு மூட்டை கிழிந்து சாலை நெடுகக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஜன்னலோரம் இருந்தவர்கள் மீசையெல்லாம் வெள்ளை. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஏலே யார்லே அது மூட்டைக்காரன்? பஸ்ஸுக்குப் பின்னாடி கோலம் போட்டுக்கிட்டு வாரிய! கல்யாண ஊர்வலமா நடத்துதோம்?” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கோலம் என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரிந்திருந்தால் அங்கேயே இறங்கி விளக்குமாற்றால் கூட்டியிருப்பேன்.

சேத்தூரிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு முன்னால் தரிசு. தரிசு முடிகிற இடத்தில் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று கடலைக்காடு. அதற்கு மேலே மலை. இங்ரிட் தரிசில் ஆரம்பித்து வரப்புவரை நடந்தாள். ஒன்று சொல்ல வேண்டும், கோடு அழகாகத்தான் இருந்தது. நூல் பிடித்த மாதிரி. வரப்போரம் நின்றுவிட்டாலும், பார்க்கிற கண் நிற்காது. கடலைக்காட்டைக் கிழித்துக்கொண்டு நேராக மலைக்குப் போய்விடும். அதுதான் அவள் கலையின் சூட்சுமம்.

நடந்து முடிக்கிறபோது கடலைக்காட்டுக்காரி வந்தாள். இடுப்பில் தண்ணீர்க்குடம். பேச்சியம்மாள் அவள்தான். என் வயதுக்குப் பத்துப் பன்னிரண்டு குறைவாக இருக்கும். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முதலில் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். நாங்கள் குடித்த பிறகுதான் கேட்டாள்.

“என்ன அண்ணாச்சி இது, கோடு?”

“படம் எடுக்கறதுக்கும்மா. வேற ஒண்ணுமில்லை.”

“சினிமாவா?”

“இல்லை, போட்டோ.”

அவள் சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. “தெக்க சின்னதா ஒரு கரட்டுமலை இருந்துச்சு. அங்கயும் மொதல்ல போட்டோ எடுக்கத்தான் வந்தாவ. பொறவு வெள்ளைக்கோடு. பொறவு ஜல்லி லாரி. இப்பம் கரட்டையும் காணோம், அதுக்குக் கீழ இருந்த காட்டையும் காணோம். வெள்ளாமையை எடுக்கக்கூட விடல. நின்ன பயிர் மேலயே மண்ணைத் தள்ளிட்டாவ.”

நான் இது அந்த மாதிரி இல்லை, கல்குவாரிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொன்னேன். எங்கள் ஈப்போவில்கூட மலையை அறுத்து அறுத்து, பாதி மலை மட்டும் கடித்து வைத்த பணியாரம் மாதிரி நிற்கிறது, எனக்கும் அந்த வயிற்றெரிச்சல் உண்டு என்றேன். அவளுக்கு என் பேச்சு பிடித்திருந்தது. காட்டுக்குள் போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்து காட்டினாள். காயை உடைத்தால் உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு பிஞ்சு. “இன்னும் பருப்புப் பிடிக்கல. பங்குனி கழியணும். இந்த வருசம் கெணத்துல தண்ணி கெடக்கு, சாமி புண்ணியத்துல. இதை எடுத்துத்தான் மகளுக்கு முடிக்கணும்” என்றாள்.

மலைமேல் மேகம் இறங்கிவிட்டது. வெளிச்சம் இல்லை. படம் நாளைக்கு என்றாள் இங்ரிட். அப்படியானால் கோட்டை அழித்துவிட்டு நாளைக்குப் புதிதாகப் போடலாமே, ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றேன். “பயமும் படைப்பின் ஒரு பகுதிதான்” என்று அவள் சொன்னதை நான் தமிழில் யாருக்கும் சொல்லவில்லை. இதோ இங்கே முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறும்போதே விஷயம் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது.

“ராசபாளையத்துல இருந்தே கோடு போட்டுட்டு வந்துட்டாவளாம்ல?”

“நானே பார்த்தேன் மாப்ள. ரோட்டு மேலயே வெள்ளை வெள்ளையா வருது. ரோட்டை அகலப்படுத்தி, மலைக்கு நேரா லாரித்தடம்.”

“வெள்ளைக்காரி வேற வந்துருக்காளாம். பெரிய கம்பெனி போலுக்கு.”

நான் எழுந்து நின்று, ஐயா, அது பஸ் கூரையில் கிழிந்த மூட்டை, கண்டக்டரைக் கேளுங்கள் என்று கத்தினேன். அன்றைக்கு வேறு கண்டக்டர். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க அந்தக் கம்பெனிதான?” என்றார்.

ஊருக்குப் போய் இறங்கினால், கடலைக்காடு பாதி மொட்டை. வரப்போரமிருந்து நடுக்காடுவரை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பேச்சியம்மாளும் அவள் புருஷன் மாடசாமியும் விடிந்ததிலிருந்து குனிந்த முதுகு நிமிரவில்லை. குவியலில் இருந்த காய்களை நசுக்கிப் பார்த்தேன். பொக்கு, பிஞ்சு, தண்ணீர்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டே! நான் நேத்தே சொன்னேனே!”

“நீங்க சொன்னிய. கரட்டை உடைச்சவியளும் அப்பிடித்தான் சொன்னாவ.” அவள் கையில் இருந்த செடியை உதறினாள். “காய் போனாலும் கொடியாவது மாட்டுக்கு மிஞ்சும்லா. மண்ணுக்குள்ள போனா அதுவும் இல்ல.”

இங்ரிட்டிடம் திரும்பி என் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் பேசாத மாதிரி பேசினேன். இயற்கையின் காயத்தை நடித்துக் காட்ட வந்தாயே, இதோ பார், நடிக்காத காயம் என்றேன். அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள், அதை நான் மறைக்கமாட்டேன். “நான் என்ன செய்தால் நம்புவார்கள்?” என்று கேட்டாள்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. பதிலை மாடசாமி சொன்னான். “பேச்செல்லாம் வேண்டாம். அந்தம்மா காளியாத்தா முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். குவாரி ஆளு இல்லன்னு ஒரு சத்தியம். பண்ணிட்டா மீதிக் காட்டை நாங்க தொடல.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்னது பொய்யானால் சாமி கேட்கட்டும் என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அடித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. வெட்டுக்குத்துக்கூட அதில் அடங்கிப் போய்விடுமாம். வேறு மதத்துக்காரியாயிற்றே என்று ஒருவர் இழுத்தார். “நெருப்புக்கு ஏதுவே மதம், யாரு கையா இருந்தாலும் சுடும்” என்றார் ஒரு பெரியவர். நான் இங்ரிட்டுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சம்மதித்தாள். அப்போது அவளை எனக்கு மறுபடியும் பிடித்துப்போயிற்று.

வரப்பை ஒட்டி வேப்பமரத்தடியில் காளியம்மன். கல்லின்மேல் சூடம் ஏற்றினார்கள். இங்ரிட் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று, “நான் மலையை உடைக்க வரவில்லை. உங்கள் நிலம் எனக்கு வேண்டாம்” என்று இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அவள் ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது. குலவை விட்டார்கள். பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையை ஊதி, “சுட்டுருச்சா தாயி?” என்றாள். மாடசாமி கிணற்றுக்கு ஓடிப் போய் மோட்டாரைப் போட்டான். வாய்க்காலில் தண்ணீர் வந்து, மிச்சமிருந்த பாதிக் காட்டில் பாய ஆரம்பித்தது. பேச்சியம்மாள் மண்வெட்டியை எடுத்து மடை திருப்பிவிட்டாள். ஒருத்தி எங்களுக்குச் சோளக்கஞ்சியும் மோர்மிளகாயும் கொண்டுவந்தாள். ஆயிரம் ஓட்டல் சாப்பாட்டுக்கு அந்த ஒரு செம்பு கஞ்சி சமம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இங்ரிட் என் தோளைத் தொட்டாள்.

“எத்தனை படம் எடுத்தாய்?”

“எதில்?”

“இப்போது நடந்ததில்.”

நான் எடுக்கவில்லை. கேமரா தோளில்தான் தொங்கியது. எல்லாரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். சத்தியம் என்பது படம் எடுக்கிற சமாச்சாரமா? என் தொழிலில் தாலி கட்டுவதையே மறுபடி கட்டச் சொல்லி எடுத்த ஆட்கள் உண்டு. நான் அந்த ஜாதி இல்லை.

“எடுக்கவில்லையா! இந்தப் பயணத்தின் உயிரே இதுதானே! நிலம், நெருப்பு, கை… இன்னொரு முறை செய்யலாம் என்று சொல். வெளிச்சம்கூட இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். “சத்தியத்தை ஒரு தடவைதான் அடிப்பார்கள். இரண்டாவது தடவை அடித்தால் முதல் தடவை பொய் என்று அர்த்தம். உனக்குப் புண்ணியமாகப் போகும், பேசாமல் கஞ்சியைக் குடி.”

குடிக்கவில்லை. செம்பை வைத்துவிட்டு நேராகக் கல்லருகே போனாள். மிச்சமிருந்த சூடத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள். யாருடைய தீப்பெட்டியையோ எடுத்தாள். எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்து, ஒரு விரலை உயர்த்தி, பிறகு அந்த விரலால் என் கேமராவைக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்: இன்னொரு தடவை.

“கெட்டுது போ” என்றார் அந்தப் பெரியவர். கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல்: “போட்டோ புடிச்சு கம்பெனிக்குக் காட்டப் போறாடா. ஊர் சம்மதிச்சிட்டுன்னு!” இன்னொரு குரல்: “அவ அடிச்சது சத்தியம் இல்ல, ஒத்திகை.” நான் பாய்ந்து போய் அவள் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் தரவில்லை. “அவர்களுக்கு என்ன நஷ்டம்?” என்று என்னிடம் கேட்டாள். பாதி மொட்டைக் காட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன நஷ்டம் என்று!

நான் கூட்டத்தைப் பார்த்து, கேட்காதீர்கள், இவள் கிறுக்கி, முதல் சத்தியம் நிஜம், அதற்கு நான் சாட்சி என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். காடு அவளுடையது அல்லவா. அவள் மடையோரமிருந்து மண்வெட்டியோடு வந்தாள். கணுக்கால்வரை சேறு. இங்ரிட்டின் கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள். கல்லின்மேல் இருந்த சூடத்தைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.

அவள் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த பாதிக் காட்டுக்குள் இறங்கி, முதல் செடியின் தூரைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் அது சிரமமில்லாமல் வந்தது.